எண்ணெயின் வேலையா, களிம்பின் வேலையா? தாவர எண்ணெய்க் களிம்புகளின் அழற்சித் தணிப்பைச் சோதிக்கும் முறைகள்

கேள்வி

ஒரு தாவர எண்ணெயைச் சேர்த்துச் செய்த களிம்பைத் தோலில் தடவுகிறோம். சில நாளில் சிவப்பும் அரிப்பும் வீக்கமும் தணிகின்றன. தணித்தது எது? அந்த எண்ணெயில் மட்டுமே உள்ள மூலப்பொருளா, எந்த எண்ணெயாக இருந்தாலும் செய்திருக்கக்கூடிய பூச்சு வேலையா, களிம்பில் கலந்த மெழுகும் கிளிசரினுமா, அல்லது எதையும் தடவாமலே தணிந்திருக்கக்கூடிய நோயின் போக்கா? இந்த நான்கையும் பிரித்துக் காட்டாத சோதனை எதுவும், அந்த எண்ணெய்க்கு அழற்சியைத் தணிக்கும் ஆற்றல் உண்டு என்று நிறுவியதாகாது. இக்கட்டுரையின் வாதம் இதுதான்.

நம் மருந்தியல் கல்லூரிகளின் ஆய்வேடுகளில் மூலிகைக் களிம்பு என்பது வற்றாத தலைப்பு. வேப்பெண்ணெய், புங்கெண்ணெய், கருஞ்சீரக எண்ணெய், தேங்காய் எண்ணெய் என்று மூலப்பொருள் மாறும். ஆய்வின் அச்சு மாறுவதில்லை. எண்ணெயை எடுப்பார்கள். களிம்பு செய்வார்கள். பிஎச், பாகுத்தன்மை, பரவும் தன்மை ஆகியவற்றை அளப்பார்கள். பிறகு முட்டை வெண்கருவிலோ எலியின் பாதத்திலோ சோதித்து, டைக்ளோஃபெனாக் ஜெல்லுடன் ஒப்பிட்டு, ‘குறிப்பிடத்தக்க அழற்சித் தணிப்பு’ என்று முடிப்பார்கள். மாணவர்களின் உழைப்பில் குறையில்லை. குறை ஒப்பீட்டில் இருக்கிறது.

இதைத் தொழில்நுட்ப நுணுக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. இரவெல்லாம் சொறிந்து அழும் குழந்தைக்கு எதைத் தடவுவது என்று தவிக்கும் பெற்றோர் இந்த முடிவுகளை நம்பித்தான் காசு செலவழிக்கிறார்கள். உண்மையிலேயே ஆற்றல் கொண்ட மூலிகைகளுக்கும் இத்தகைய ஆய்வுகள் அநீதி இழைக்கின்றன. எல்லாமே வேலை செய்கிறது என்று காட்டும் சோதனையில், மெய்யாகவே வேலை செய்வது எது என்று தெரியாமல் போகிறது.

முட்டை வெண்கருவிலிருந்து எலியின் காது வரை

மிக மலிவான சோதனை முட்டை வெண்கருவில் நடக்கிறது. சூடாக்கும்போது புரதம் உருக்குலைவதை ஒரு பொருள் எவ்வளவு தடுக்கிறது என்று, கரைசலின் கலங்கலை ஒளிமானியால் அளந்து கணக்கிடுவார்கள். ஸ்டீராய்டு அல்லாத அழற்சி மருந்துகள் சில இவ்வாறு புரதத்தைக் காக்கின்றன என்று 1960களில் ஜப்பானிய ஆய்வாளர் மிசுஷிமா காட்டியதிலிருந்து வளர்ந்த முறை இது. உயிருள்ள தோலில் இரத்தக் குழாய்களும் நோயெதிர்ப்பு உயிரணுக்களும் நரம்புகளும் சேர்ந்து நடத்தும் அழற்சிக்கும், குவளைக்குள் வேகும் வெண்கருவுக்கும் உள்ள தொடர்பு மிகத் தொலைவானது. எண்ணெய் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. எண்ணெய் நீரில் கலக்க வேண்டுமானால் பால்மமாக்கி வேண்டும். அந்தப் பால்மமே ஒளியைச் சிதறடிக்கும். கருவி காட்டும் எண்ணில் புரதத்தின் பங்கு எவ்வளவு, பால்மத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்காமல் எழுதப்படும் சதவீதத்துக்குப் பொருளில்லை. முதற்கட்ட வடிகட்டல் என்ற அளவில்கூட இச்சோதனை எண்ணெய்களுக்குப் பொருந்தாது என்பதே என் கருத்து.

அடுத்தது வெள்ளெலியின் பாதம். 1962இல் வின்டரும் அவருடைய சக ஆய்வாளர்களும் வெளியிட்ட முறை இன்றும் கோலோச்சுகிறது. செம்பாசியிலிருந்து எடுக்கும் காராஜீனன் கரைசலைச் சிறிதளவு பாதத்தின் அடியில் ஊசியால் செலுத்தினால் சில மணி நேரத்தில் பாதம் வீங்கும். தொடக்கத்தில் ஹிஸ்டமினும் செரோடோனினும், பின்னர் புரோஸ்டாகிளாண்டின்களும் இந்த வீக்கத்தை நடத்துகின்றன. மருந்து பெற்ற எலியின் பாதம் எவ்வளவு குறைவாக வீங்கியது என்பதே அளவுகோல். வாய்வழியே கொடுக்கும் இண்டோமெதசின் போன்ற மருந்துகளைத் தேடுவதற்காக உருவான முறை இது. அந்த வேலையை நன்றாகவே செய்தது. களிம்புக்கு இதைப் பயன்படுத்தும்போது மூன்று இடறல்கள் வருகின்றன. பெரும்பாலும் களிம்பை முதலில் தடவிவிட்டுப் பிறகுதான் வீக்கத்தை உண்டாக்குகிறார்கள். நோயாளியோ அழற்சி வந்தபின் தடவுகிறார். இங்குள்ள வீக்கம் ஒரே நாளில் வந்து அடங்குவது. கரப்பானும் சொரியாசிசும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. மேலும் காராஜீனன் உள்ளே ஊசியால் செலுத்தப்படுகிறது, களிம்போ தோலின் தடையைக் கடந்து அங்கே போய்ச் சேர வேண்டும். பாத வீக்கம் குறையவில்லை என்பதற்காகத் தோலின் மேலடுக்கில் பயன் தரும் எண்ணெயை ஒதுக்கவும் முடியாது. குறைந்தது என்பதற்காகக் கரப்பானுக்கு உதவும் என்று சொல்லவும் முடியாது.

சுண்டெலியின் காது களிம்புக்கு இதைவிடப் பொருத்தமான களம். நம் மருத்துவ மரபில் நன்கறியப்பட்ட நேர்வாளத்தின் விதை எண்ணெயையோ, அதிலிருந்து பிரித்தெடுத்த ஃபோர்பால் எஸ்டரையோ அசிட்டோனில் கரைத்துக் காதில் பூசினால், காது சிவந்து தடிக்கும். சில மணி நேரம் கழித்துக் காதிலிருந்து ஒரே அளவுள்ள வட்டத் துண்டுகளை வெட்டி எடைபோட்டு, எடை வேறுபாட்டை வீக்கத்தின் அளவாகக் கொள்கிறார்கள். அழற்சி இங்கே தோலின் மேலிருந்து வருகிறது. மருந்தும் மேலிருந்தே போகிறது. ஆனால் ஃபோர்பால் எஸ்டர் கொழுப்பில் கரையும் பொருள். அதன்மேல் கொழுப்பு மிகுந்த எண்ணெயைப் பூசும்போது, எரிச்சலூட்டியே எண்ணெயில் கரைந்து தோலுக்குள் போவது தாமதமாகலாம். அப்படியானால் எண்ணெய் அழற்சியைத் தணிக்கவில்லை, வழியில் மறித்தது. வேறு ஏதேனும் ஓர் எண்ணெயை அதே அளவில் பூசிய குழு எதிரில் இல்லாவிட்டால் இந்த ஐயம் தீராது.

உயிர்களின் வலியையும் இங்கே சொல்லியாக வேண்டும். அழகுசாதனப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பதை இந்தியா 2014இல் தடைசெய்தது. மருந்து என்ற பெயரில் நடக்கும் சோதனைக்கு அத்தடை பொருந்தாது; நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்று அது தொடர்கிறது. விடை தராத அமைப்பில் ஒரு சுண்டெலியின் காதை வெட்டுவது அறிவியல் பிழை மட்டுமன்று, அறப்பிழையும்கூட.

தோலின் தடையும் கொழுப்பமிலங்களும்

தோலின் வெளியடுக்கு செங்கல் சுவரைப் போன்றது: காய்ந்த உயிரணுக்கள் செங்கற்கள், அவற்றுக்கு இடையே உள்ள கொழுப்பு சாந்து. பாஸ், மைனார்டி இருவரும் 2000இல் முன்வைத்த கணக்குப்படி, மூலக்கூற்று எடை 500 டால்டனைத் தாண்டிய பொருள்கள் இந்தச் சுவரை எளிதில் கடப்பதில்லை. சமையலறையில் உள்ள எண்ணெய்கள் பெரும்பாலும் டிரைகிளிசரைடுகள். அவற்றில் நீண்ட சங்கிலி கொண்டவை 800 டால்டனுக்கும் மேல். தாமஸ் ஃபிரான்ஸ் 1975இல் விவரித்த ஊடுருவல் கலத்தில் மனிதத் தோலையோ பன்றித் தோலையோ பொருத்தி, எது எவ்வளவு கடந்தது என்று அளக்கலாம். எலித்தோல் மனிதத் தோலைவிட எளிதில் வழிவிடும்; ஆகவே எலியில் கிடைத்த ஊடுருவல் கணக்கை அப்படியே நமக்குப் பொருத்தக் கூடாது.

எண்ணெய் ஆழத்துக்குப் போகாவிட்டாலும் மேலடுக்கின் சாந்தோடு கலந்து அதை மாற்ற முடியும். எண்ணெய்கள் ஒன்றுக்கொன்று வேறுபடுவது இங்கேதான். ஆலிவ் எண்ணெயில் ஓலிக் அமிலம் மிகுதி. ஓலிக் அமிலம் தோலின் கொழுப்பு அடுக்கைக் குலைத்து வழிதிறப்பது. மருந்துகளை உள்ளே செலுத்தவே அதைப் பயன்படுத்துவதுண்டு. வழக்கமான சூரியகாந்தி எண்ணெயில் லினோலிக் அமிலம் மிகுதி. ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தின் சைமன் டான்பியும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில், 19 பெரியவர்கள் முன்கையில் சில வாரம் எண்ணெய் பூசிக்கொண்டார்கள். ஆலிவ் எண்ணெய் பூசிய இடத்தில் தோலின் உறுதி குறைந்தது, இலேசான சிவப்பும் தோன்றியது. சூரியகாந்தி எண்ணெய் பூசிய இடத்தில் உறுதி குலையவில்லை. தாவர எண்ணெய் என்ற பொதுப்பெயரில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவது எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சூரியகாந்தி எண்ணெய்க்கு இதை முழு வெற்றி என்று கொள்ளவும் முடியாது. மான்செஸ்டரில் 115 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2016இல் வெளியான முன்னோட்ட ஆய்வில், ஆலிவ், சூரியகாந்தி இரண்டுமே தோலின் ஈரத்தைக் கூட்டின. ஆனால் எண்ணெய் தடவாத குழந்தைகளோடு ஒப்பிட, கொழுப்பு அடுக்கின் ஒழுங்கு இரண்டு குழுவிலும் பின்தங்கியே இருந்தது. அதேநேரம் டாக்கா சிசு மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் தடவிய ஆய்வு, மருத்துவமனையில் தொற்றும் நோய்கள் 41% குறைந்ததாக 2005இல் லான்செட் இதழில் வெளியானது. முழுமாதக் குழந்தையின் நலமான தோலும் குறைமாதக் குழந்தையின் முதிராத தோலும் ஒன்றல்ல. யாருடைய தோல், எந்த நிலை என்று சொல்லாமல் ஓர் எண்ணெய் நல்லதா கெட்டதா என்று கேட்பதில் பயனில்லை.

அளவிடும் கருவியிலும் எச்சரிக்கை தேவை. தோல் வழியே ஆவியாகும் நீரின் அளவைக் கொண்டு தடையின் நலத்தை மதிப்பிடுவது வழக்கம். எண்ணெய் பூசிய உடனே அளந்தால் ஆவியாதல் குறைந்துதான் இருக்கும். மேலே மூடியிருப்பது எண்ணெய். தோல் தேறியதா என்று அறியக் கடைசியாகப் பூசிப் பல மணி நேரம் கழித்து அளக்க வேண்டும். அந்த இடைவெளியைக் குறிப்பிடாத ஆய்வின் வரைபடத்தை நான் நம்புவதில்லை.

மருந்தில்லாக் களிம்பின் வலிமை

கட்டுரையின் மையம் இப்பகுதி. மருந்து எதுவும் சேர்க்காத களிம்பு மட்டுமே எவ்வளவு செய்யும் என்பதைப் பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

கரப்பானுக்கான கிரிசபோரோல் களிம்பை அமெரிக்காவில் இரண்டு பெரிய சோதனைகளில் ஆராய்ந்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு சாராருக்கு மருந்துள்ள களிம்பு. மறு சாராருக்கு மருந்தை மட்டும் நீக்கிய அதே களிம்பு. முதல் சோதனையில் மருந்து பெற்றவர்களில் 51.7% பேருக்குத் தோல் தெளிந்தது அல்லது ஏறத்தாழத் தெளிந்தது. மருந்தில்லாக் களிம்பு பெற்றவர்களில் அது 40.6%. இரண்டாம் சோதனையில் 48.5%க்கு எதிரே 29.7%. நூறில் முப்பது, நாற்பது பேருக்கு மருந்தில்லாக் களிம்பே போதுமானதாக இருந்தது. எதிர்க்குழு இல்லாமல் ஏதோ ஒரு மூலிகைச் சாற்றை அதே களிம்பில் கலந்து கொடுத்திருந்தால், அந்த நாற்பது விழுக்காடும் மூலிகையின் புகழாகப் பதிவாகியிருக்கும்.

தேங்காய் எண்ணெய் பற்றிய சான்றை இந்த வெளிச்சத்தில் படிக்க வேண்டும். பிலிப்பைன்ஸில் 117 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்து 2014இல் வெளியான சோதனையில், கரப்பானின் கடுமையைக் காட்டும் ஸ்கோராட் மதிப்பெண், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் பூசியவர்களிடம் 68.23% குறைந்தது, கனிம எண்ணெய் பூசியவர்களிடம் 38.13% குறைந்தது. இந்த ஆய்வின் நேர்மை அது தேர்ந்துகொண்ட எதிரியில் இருக்கிறது. கனிம எண்ணெயும் தோலை மூடும், ஈரத்தைக் காக்கும், தடவும் சுகத்தையும் தரும். ஆகவே 38 என்பதைப் பூச்சு, பராமரிப்பு, நோயின் இயல்பான ஏற்ற இறக்கம் ஆகியவற்றின் கணக்கில் எழுதலாம். தேங்காய் எண்ணெயின் தனிப் பங்கு என்று கேட்கத் தகுந்தது எஞ்சிய முப்பது. விளம்பரத்தில் 68 மட்டும் வருவதும், நேர்மையான மருத்துவர் 30ஐப் பேசுவதும் ஒரே ஆய்வை வைத்துத்தான். அந்த முப்பதுமே கணிசமானது. வெரால்லோ-ரோவெல் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு ஒரு விளக்கத்தையும் தருகிறது: பெரியவர்களின் கரப்பான் தோலில் குடியேறியிருந்த ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் பாக்டீரியா, தேங்காய் எண்ணெய் பூசியவர்களிடம் ஆலிவ் எண்ணெய் பூசியவர்களிடம் குறைந்ததைவிட மிக அதிகமாகக் குறைந்தது. லாரிக் அமிலம் மிகுந்த எண்ணெயிடம் எதிர்பார்க்கக்கூடிய செயல்தான்.

சாமந்தி இனத்தைச் சேர்ந்த கெமோமில் செடியின் சாற்றால் செய்த களிம்பை ஜெர்மனியில் சோதித்து 2000இல் வெளியிட்ட முடிவு இன்னும் கூர்மையானது. 0.5% ஹைட்ரோகார்ட்டிசோனைவிடக் கெமோமில் சற்று மேலாக இருந்தது. இதோடு நிறுத்தியிருந்தால் ஸ்டீராய்டை வென்ற மூலிகை என்று தலைப்பே போட்டிருக்கலாம். ஆனால் மருந்தில்லாக் களிம்போடு ஒப்பிட்டபோது கெமோமிலின் மேன்மை மிகச் சிறிது. பேர்பெற்ற மருந்துக்கு நிகர் என்று காட்டுவது மட்டும் ஆற்றலுக்குச் சான்றாகாது என்பதை இந்த மூன்று முனை ஒப்பீடு வெளிப்படுத்துகிறது. நம் ஆய்வேடுகளில் டைக்ளோஃபெனாக் ஜெல்லுக்கு நிகர் என்று வரும் வாக்கியங்களை இதை மனத்தில் வைத்து மறுபடி படிக்க வேண்டும்.

களிம்பின் அடிப்படை எப்போதும் நல்லதையே செய்யும் என்றும் இல்லை. சொரியாசிஸ் போன்ற அழற்சியைச் சுண்டெலியில் உண்டாக்க 2009 முதல் இமிகுவிமோட் களிம்பைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அந்த மருந்துதான் அழற்சிக்குக் காரணம் என்று கருதப்பட்டது. 2013இல் வெளியான ஆய்வு ஒன்று, களிம்பின் அடிப்படையில் உள்ள ஐசோஸ்டியரிக் அமிலமும் தன்னளவில் அழற்சியைத் தூண்டுகிறது என்று காட்டியது. ஒரு கொழுப்பமிலம், அதுவும் கூட்டுப்பொருள் என்று யாரும் கவனிக்காமல் விட்ட ஒன்று, முடிவின் ஒரு பகுதியைத் தானே எழுதியிருக்கிறது.

வெட்பாலையும் நீலச்சாயமும்

மருந்தில்லாக் களிம்போடு மோதினால் மூலிகை எப்போதும் தோற்கும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். தைவானின் லின் யின்-கு குழுவினர், சீன மருத்துவத்தில் வழங்கும் நீலச்சாயப் பொடியை எண்ணெயும் மெழுகும் சேர்ந்த களிம்பாக்கி, 42 சொரியாசிஸ் நோயாளிகளிடம் சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவர் உடலிலும் ஓர் இடத்தில் நீலக் களிம்பு, இணையான வேறோர் இடத்தில் நீலம் சேராத களிம்பு. நீலம் பூசிய இடத்தில் 31 பேருக்குப் படை முற்றிலும் அல்லது ஏறத்தாழ முற்றிலும் நீங்கியது. நீலமில்லா இடம் வெகுவாகப் பின்தங்கியது. ஒரே உடலின் இரண்டு இடங்களை ஒப்பிட்டதால் உணவு, மன அழுத்தம், பருவநிலை எல்லாம் இரண்டு பக்கமும் சமமாகிவிட்டன. பிற்பாடு அதே குழுவினர், நீலத்தில் உள்ள இண்டிருபினின் அளவை ஏற்றி இறக்கியும் சோதித்தார்கள். அளவு கூடக்கூடப் பயனும் கூடினால், பயன் அப்பொருளிலிருந்தே வருகிறது என்ற வாதம் வலுப்பெறும்.

இந்தச் சோதனை தமிழ்நாட்டுக்கு மிக அருகில் வருகிறது. சித்த மருத்துவத்தில் காளாஞ்சகப்படைக்கு, அதாவது சொரியாசிசுக்கு, வழங்கும் வெட்பாலைத் தைலம், வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் இட்டு வெயிலில் வைத்துச் செய்வது. வைக்க வைக்க எண்ணெய் ஊதா நிறம் ஏறும். வெட்பாலை இலையிலிருந்து நீலச்சாயம் எடுக்க முடியும் என்பதைத் தாவரவியலாளர் வில்லியம் ராக்ஸ்பர்க் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆராய்ந்திருக்கிறார். தைவானில் மருந்தாக நிறுவப்பட்ட நீலத்துக்கும் வெட்பாலையின் ஊதாவுக்கும் வேதியியல் உறவு இருக்க நல்ல முகாந்திரம் உண்டு. சோதிக்கத் தகுந்த கருதுகோள் இது. சித்த மருத்துவத்துக்குப் பெருமை சேர்க்கக்கூடியதும்கூட.

இங்கே சித்த மருத்துவர்கள் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்றைக் கருத வேண்டும். தைலத்தில் தேங்காய் எண்ணெய் வெறும் ஊர்தியன்று, மருந்தின் அங்கம். இலையைத் தனியே, எண்ணெயைத் தனியே பிரித்துச் சோதிப்பது மருந்தைச் சிதைப்பதாகும் என்பார்கள். இதில் நியாயம் இருக்கிறது. தேங்காய் எண்ணெய் சும்மா இருக்கும் பொருளன்று என்பதை மேலே கண்ட பிலிப்பைன்ஸ் ஆய்வே சொல்கிறது. ஆனால் இந்த மறுப்பு ஒப்பீட்டை விலக்குவதில்லை, இன்னொரு குழுவைச் சேர்க்கத்தான் சொல்கிறது. முழுத் தைலம், இலை சேர்க்காமல் அதே வெயிலில் அதே நாள் வைத்த தேங்காய் எண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி என மூன்று குழுக்கள் அமைந்தால், தைலத்தின் பயனில் எண்ணெயின் பங்கும் இலையின் பங்கும் தனித்தனியே தெரியும். பத்தியம் உண்டென்றால் மூன்று குழுவுக்கும் ஒரே பத்தியம்.

நிறமும் மணமும் இதில் பெரும் தடை. ஊதா எண்ணெய் எது, வெறும் எண்ணெய் எது என்று நோயாளிக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும். வேப்பெண்ணெயை மூடிவைத்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். எதிர்க்குழு எண்ணெய்க்குக் கேடில்லாத நிறமேற்றலாம். மதிப்பெண் இடும் மருத்துவரை, எதைத் தடவினார்கள் என்று அறியாதவராக வைத்து, தோலைத் துடைத்தபின் பார்க்கச் சொல்லலாம். முழு மறைப்பு இயலாவிட்டால் அதை ஒளிக்காமல் எழுத வேண்டும்.

களிம்புக்குள் வேறென்ன

லண்டனில் 1999இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட ஆய்வில், தோல் நோய்க்கு வழங்கப்பட்ட 11 சீன மூலிகைக் களிம்புகளை வேதியியல் முறையில் பகுத்தார்கள். எட்டில் டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு இருந்தது. கடையில் வாங்கிய களிம்பைக் கொண்டு சோதனை நடத்துபவர் முதலில் ஸ்டீராய்டு இல்லை என்று பகுத்துக் காட்டாவிட்டால், அவர் அளப்பது மூலிகையையா ஸ்டீராய்டையா என்று சொல்ல முடியாது. எண்ணெயின் பழமையும் பொருட்டு: காற்றும் ஒளியும் பட்டுக் காறிய எண்ணெயில் உண்டாகும் பொருள்கள் தோலை உறுத்தக்கூடியவை. பெராக்சைடு மதிப்பையும் கொழுப்பமிலப் பகுப்பையும் தராத ஆய்வு, எந்த எண்ணெயைச் சோதித்தது என்பதையே சொல்லவில்லை.

செய்ய வேண்டியது

மருந்தியல், சித்த மருத்துவக் கல்லூரிகளில் ஆய்வேடுகளுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் அடுத்த களிம்பைச் செய்யும்போது, எண்ணெயை மட்டும் விட்டுவிட்டு அதே களிம்பின் இன்னொரு தொகுதியையும், அந்த எண்ணெய்க்குப் பதில் கனிம எண்ணெய் சேர்த்த மூன்றாவது தொகுதியையும் அதே நாளில் செய்யச் சொல்லுங்கள். இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது இன்னும் கொஞ்சம் மெழுகும் சில குப்பிகளும்தான்; புதிய கருவி எதுவும் வேண்டாம். முட்டை வெண்கருவை விட்டுவிட்டு, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலோடு, நலமான மனிதர்களின் முன்கையில் சோடியம் லாரில் சல்ஃபேட்டால் இலேசான எரிச்சலை உண்டாக்கி, அது வந்தபின் மூன்று களிம்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் தடவிப் பாருங்கள். இதழாசிரியர்கள் இந்த ஒப்பீடு இல்லாத கட்டுரைகளைத் திருப்பி அனுப்பட்டும். மூன்றுக்கும் வேறுபாடு இல்லை என்று முடிவு வந்தால் அதையும் அச்சிடட்டும். வெட்பாலைத் தைலத்தை முதலில் எடுத்துக்கொள்ளலாம். அதற்கான காரணமும் இலையும் எண்ணெயும் வெயிலும் நம்மிடம் இருக்கின்றன.